வயிறு, இடுப்பு, முதுகு: மையத் தசைகளை வீட்டிலேயே உறுதியாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தரையில் மல்லாந்து படுத்து, விரல்களைத் தலைக்குப் பின்னால் கோர்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே எழுந்து எழுந்து படுக்கும் 'சிட் அப்'தான் வயிற்றுக்கான பயிற்சி என்று பள்ளி விளையாட்டு வகுப்பிலேயே நம் மனத்தில் பதிந்துவிட்டது. தொப்பையைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுப்பவர் இன்றும் முதல் நாள் செய்வது அதைத்தான். சில நாட்களில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, பிறகு இடுப்பு வலிக்கிறது, பயிற்சி நின்றுபோகிறது. அவரைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமில்லை. அவருக்குக் கற்றுத்தரப்பட்ட பயிற்சியே பொருத்தமில்லாதது.

வயிற்றையும் இடுப்பையும் சுற்றியுள்ள மையத் தசைகளுக்கு முதுகுத்தண்டை வளைக்கவும் தெரியும். ஆனால் நாள் முழுவதும் அவை செய்யும் முக்கியமான வேலை வேறு: கையும் காலும் இயங்கும்போது முதுகுத்தண்டு வளைந்துவிடாமல் தாங்குவது. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போதும், ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும்போதும் அதுதான் நடக்கிறது. பயிற்சியும் அந்த வேலையைத்தான் பழக்க வேண்டும். கீழே உள்ள பயிற்சிகள் அனைத்தையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு பாய், கொஞ்சம் இடம், இருபது நிமிடம் இருந்தால் போதும்.

எந்தெந்தத் தசைகள்?

கண்ணாடியில் 'சிக்ஸ் பேக்' என்று தெரிவது ரெக்டஸ் அப்டாமினிஸ் என்ற முன்வயிற்றுத் தசை. அதன் இருபுறமும் சாய்வாக ஓடுபவை ஆப்லிக் தசைகள். இவற்றுக்கெல்லாம் அடியில், வயிற்றைச் சுற்றிக் கட்டிய அகலமான பட்டை போல டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் இருக்கிறது. பின்புறம் முதுகெலும்புகளை ஒட்டிச் சிறிய மல்டிஃபிடஸ் தசைகளும், நீளமான முதுகுத் தசைகளும் உள்ளன. மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள். பிட்டத் தசைகளையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும். அவை தளர்ந்திருந்தால் அவற்றின் வேலையும் கீழ்முதுகின் தலையில் விழுந்துவிடும்.

இவை எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டியது. நின்றுகொண்டிருப்பவரிடம் கையை வேகமாக அசைக்கச் சொன்னார்கள். முதுகுவலி இல்லாதவர்களுக்குக் கைத் தசை இயங்கத் தொடங்கும் முன்பே அந்த ஆழ்ந்த வயிற்றுப் பட்டை இறுகியது. நீண்டநாள் முதுகுவலி உள்ளவர்களுக்கு அது தாமதமாகவே இறுகியது. உடம்பு முதலில் நடுப்பகுதியை நிலைநிறுத்திவிட்டுத்தான் கையை அனுப்புகிறது.

சிட் அப் ஏன் வேண்டாம்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டின் இயங்குமுறையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில். வழக்கமான ஒரு சிட் அப், முதுகுத்தண்டின் மேல் ஏறத்தாழ 3,300 நியூட்டன் அழுத்தத்தை ஏற்றுகிறது என்று அவர் கணக்கிட்டார். எடையாகச் சொன்னால் 330 கிலோவுக்கும் மேல். தொழிலாளர்கள் பளு தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் எச்சரிக்கை எல்லையே 3,400 நியூட்டன்தான். அந்த எல்லையை ஒட்டிய அழுத்தத்தை, முதுகை வளைத்த நிலையில், ஒரே மூச்சில் ஐம்பது தடவை ஏற்றுவது யாருக்கு நல்லது? அமெரிக்க ராணுவம் 1980 முதல் தன் உடல்தகுதித் தேர்வில் வைத்திருந்த சிட் அப்பைக் கைவிட்டு, 2022-இல் அதன் இடத்தில், முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க்கை நிலைநிறுத்தியது. அந்நாட்டுக் கடற்படையும் அதே வழிக்கு வந்துவிட்டது.

இளம் வயதில், வலியே இல்லாமல், அளவாக சிட் அப் செய்பவரைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் நாளெல்லாம் நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்திருப்பவர், மாலையில் வந்து அதே முதுகை மறுபடியும் முன்னோக்கி மடக்குவதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை.

தொப்பையைப் பற்றி ஒளிவுமறைவின்றி

வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு தனியாகக் கரையாது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 24 பேர் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். வயிற்றுத் தசையின் தாங்கும் திறன் கூடியது; வயிற்றுக் கொழுப்போ இடுப்புச் சுற்றளவோ குறையவில்லை. கொழுப்பு குறைய, சாப்பிடும் மொத்த அளவு குறைய வேண்டும். தட்டில் சோறு குறைந்து பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய் கூட வேண்டும். தினமும் நடக்க வேண்டும்.

மையத் தசைப் பயிற்சி தருவது வேறு பலன்கள். நிமிர்ந்து நிற்க முடிகிறது, வயிறு தளர்ந்து முன்தள்ளுவது குறைகிறது, முதுகு பளுவைத் தாங்குகிறது. கொழுப்பும் குறைந்துவரும்போது தசையின் வடிவம் தெரியத் தொடங்கும். முன்வயிற்றில் எத்தனை கட்டங்கள் தெரியும் என்பது பிறப்பிலேயே அமைவது. அதற்காக ஏங்க வேண்டாம். இடுப்புச் சுற்றளவை அளந்து வாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் டேப்பை வைக்க வேண்டும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டிவிட்டால் உடல்நலத்துக்கு ஆபத்து கூடுகிறது.

தொடங்கும் முன்

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழிந்திருக்கட்டும். மெத்தையில் செய்யாதீர்கள், தரையில் பாயோ யோகா விரிப்போ போதும்.

விடியற்காலையில் எழுந்த கையோடு குனிந்து வளையும் பயிற்சிகள் வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடியிருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் முதுகை மடக்கினால் வட்டின் மேல் அழுத்தம் மிகுதி. எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுத் தொடங்குங்கள்.

குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை, வட்டு விலகல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: மூச்சும் இறுக்கமும்

பலர் இதைத் தாண்டிக்கொண்டு பிளாங்க்குக்கு ஓடிவிடுகிறார்கள். முதல் வாரம் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் தகும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இரு கைகளையும் கீழ்விலா எலும்புகளின் மேல் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து உள்ளங்கையைத் தள்ள வேண்டும். தோள் மேலே ஏறக்கூடாது. வாயால் மெதுவாக, முழுவதுமாக ஊதி வெளிவிடுங்கள். இப்படி எட்டு, பத்து மூச்சு.

அடுத்து, விரல்களை இடுப்பெலும்புக்குச் சற்று உட்புறமாக அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு ஒருமுறை இருமிப் பாருங்கள். விரலுக்கு அடியில் சட்டென்று ஒரு தசை இறுகுவது தெரியும். அதே இறுக்கத்தை இருமாமல் கொண்டுவர முயலுங்கள். வயிற்றை உள்ளே எக்க வேண்டாம், வெளியே தள்ளவும் வேண்டாம். யாரோ வயிற்றில் குத்த வருகிறார் என்றால் எப்படி நம்மை அறியாமல் இறுக்கிக்கொள்வோமோ, அந்த இறுக்கத்தில் கால்பங்கு போதும். இறுக்கியபடியே இயல்பாக மூச்சுவிடவும் பேசவும் முடிய வேண்டும். தம் கட்டினால் ரத்த அழுத்தம் ஏறும். இனி வரும் ஒவ்வொரு பயிற்சியிலும் 'இறுக்குங்கள்' என்று நான் எழுதுவது இதைத்தான்.

இரண்டாம் படி: மெக்கில் வகுத்த மூன்று

முதுகுக்கு மிகக் குறைந்த சுமையில் முன்புறம், பக்கம், பின்புறம் மூன்றையும் வேலை வாங்க மெக்கில் தேர்ந்தெடுத்த மூன்று பயிற்சிகள் உலகெங்கும் முதுகு மருத்துவத்தில் பயன்படுகின்றன. எனக்கு ஒரே ஒரு தொகுப்பைத்தான் பரிந்துரைக்க அனுமதி என்றால் இதையே சொல்வேன்.

*கர்ல் அப்.* மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி வையுங்கள். உள்ளங்கைகள் தரையைப் பார்க்க இரண்டு கைகளையும் கீழ்முதுகின் வளைவுக்கு அடியில் செருகுங்கள். அந்த இயல்பான வளைவு தரையோடு தட்டையாகிவிடாமல் காப்பதற்கே கைகள் அங்கே இருக்கின்றன. வயிற்றை இறுக்கி, தலையையும் தோளையும் ஒன்றாகச் சற்றே உயர்த்துங்கள். தலைக்கு அடியில் ஒரு மெல்லிய புத்தகம் நுழையும் அளவு போதும். மோவாய் நெஞ்சை நோக்கிப் போகக்கூடாது. பத்து விநாடி நிறுத்தி, இறக்குங்கள். பாதி எண்ணிக்கை முடிந்ததும் காலை மாற்றுங்கள். கழுத்து நோகிறவர்கள் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டால் நோவு குறையும். எளிதாகிவிட்டால் முழங்கைகளைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள்.

*சைடு பிளாங்க்.* ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றுங்கள். தொடக்கத்தில் முழங்கால்கள் மடிந்திருக்கட்டும். மேல்கையை எதிர்த் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குங்கள். தலை, இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வர வேண்டும். இடுப்பு பின்னால் போய்விடுவதுதான் இதில் எல்லோருக்கும் நேரும் பிழை. தூக்கும்போதே பிட்டத்தை இறுக்கி முன்னே கொண்டுவந்தால் சரியாகும். பத்து விநாடி. வலுவானபின் காலை நீட்டி, மேல்பாதத்தைக் கீழ்ப்பாதத்துக்கு முன்னால் வைத்துச் செய்யலாம். வசிஷ்டாசனம் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த உருவம். அங்கே உள்ளங்கை, இங்கே முழங்கை.

*பேர்ட் டாக்.* இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு முழங்கால்களையும் ஊன்றி நில்லுங்கள். இறுக்குங்கள். வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் ஒரே நேரத்தில் நீட்டுங்கள். நீட்டிய கையை முட்டியாக மடக்கிக்கொண்டால் முதுகுத் தசைகள் நன்றாகப் பிடிக்கும். குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவதாக எண்ணுங்கள். காலை உயரத் தூக்குவதில் பயனில்லை. எட்டு, பத்து விநாடி நிறுத்தி, கையையும் முழங்காலையும் தரையைத் தடவுமாறு உள்ளே இழுத்து, மறுபடி நீட்டுங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள்.

பார்க்க எளிது. சரியாகச் செய்கிறீர்களா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வீட்டில் தரை துடைக்கும் மாப்பின் நீளக் கழியைக் கழற்றி, முதுகின் மேல் நெடுக்காக வைக்கச் சொல்லுங்கள். பின்தலை, இரு தோள்பட்டைகளுக்கு நடு, பிட்டத்துக்குச் சற்று மேலுள்ள எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் கழி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கீழ்முதுகில் கழிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். இனி கையையும் காலையும் நீட்டுங்கள். கழி ஒரு பக்கமாக உருண்டால் இடுப்பு திரும்பிவிட்டது. தலையை விட்டு எழும்பினால் கழுத்து தொங்கிவிட்டது. இடைவெளி பெரிதானால் கீழ்முதுகு குழிந்துவிட்டது. பலருக்கு முதல் முயற்சியில், கால் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நொடியிலேயே கழி உருளும். காலைப் பாதி மட்டும் நீட்டி, கழி அசையாத அளவில் தொடங்குங்கள்.

எத்தனை முறை? மெக்கில் சொல்லும் இறங்குமுறைதான் சிறந்தது. முதல் சுற்றில் பத்து விநாடி வீதம் ஆறு முறை, சற்று ஓய்வு, பிறகு நான்கு முறை, பிறகு இரண்டு முறை. பக்கம் உள்ள பயிற்சிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்தக் கணக்கு. களைப்பு கூடக்கூட எண்ணிக்கை குறைவதால் கடைசிச் சுற்றிலும் உடம்பு நிலை குலையாது. திறன் கூடும்போது எட்டு, ஆறு, நான்கு என்று போங்கள். பத்து விநாடியை நீட்டிக்காதீர்கள்.

மூன்றாம் படி: டெட் பக்கும் பாலமும்

மேற்கண்ட மூன்றும் இரண்டு வாரம் வலியின்றிப் போனால் இவற்றைச் சேர்க்கலாம்.

டெட் பக் பயிற்சிக்கு மல்லாந்து படுத்து, கைகளை நேரே மேலே நீட்டுங்கள். இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்தில் மடக்கித் தூக்கி வையுங்கள். ஒரு துண்டை மடித்துக் கீழ்முதுகுக்கு அடியில் குறுக்காக வைத்து, அதன் ஒரு முனை வெளியே தெரியட்டும். முதுகால் துண்டை அழுத்துங்கள். மூச்சை ஊதி வெளிவிட்டபடியே வலக்கையைத் தலைக்குப் பின்னாலும் இடக்காலை முன்னாலும் மெதுவாக இறக்குங்கள். தரையைத் தொட வேண்டிய கட்டாயமில்லை. மூச்சை இழுத்தபடி திரும்புங்கள். வீட்டில் ஒருவரைத் துண்டின் முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். துண்டு உருவிக்கொண்டு வந்துவிட்டால் கால் தேவைக்கு மேல் இறங்கிவிட்டது என்று பொருள். பக்கத்துக்கு ஆறு முறை, மூன்று சுற்று. அவசரப்பட்டுக் கைகால்களை வீசினால் ஒரு பயனும் இல்லை. ஒரு தடவை இறக்கவே நான்கு விநாடி ஆக வேண்டும்.

காலைத் தூக்கும் பயிற்சிகளில் முதுகு ஏன் குழிகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தொடையைத் தூக்கும் சோவாஸ் தசை கீழ்முதுகெலும்புகளிலிருந்தே தொடங்குகிறது. வயிறு தாங்காதபோது, அது காலைத் தூக்குவதோடு முதுகெலும்பையும் முன்னால் இழுத்துவிடுகிறது. இரண்டு காலையும் நீட்டித் தூக்கி இறக்கும் பயிற்சியைப் புதியவர்களுக்கு நான் சொல்லாததற்கு இதுவே காரணம்.

பாலம் எளிது, சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம். மல்லாந்து படுத்துப் பாதங்களை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே சாய்வில் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தூக்கினால் முதுகுதான் வளையும். பின்தொடையில் சுளுக்கு பிடித்தால் குதிகாலைப் பிட்டத்தின் பக்கம் நகர்த்துங்கள். பத்து முறை, மூன்று சுற்று. பிறகு ஒற்றைக்காலில்.

நான்காம் படி: பிளாங்க்

முன்கைகளை ஊன்றி, கால்விரல்களில் உடம்பை நேராக நிறுத்துங்கள். இதில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் போட்டிமனம் வேண்டாம். உலக சாதனை ஒன்பதரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அது மன உறுதியைக் காட்டும், உங்கள் முதுகுக்கு எதுவும் செய்யாது. மூன்று நிமிடம் நிற்பவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள்: முதல் நிமிடத்திலேயே இடுப்பு தொங்கியிருக்கும், அல்லது பிட்டம் மேலே ஏறியிருக்கும். மீதி நேரம் முழுவதும் எலும்பும் தசைநாரும் சுமக்கின்றன.

இப்படிச் செய்யுங்கள். பிட்டத்தை முழு வலுவோடு இறுக்குங்கள். முழங்காலைப் பூட்டுங்கள். முழங்கைகளைக் கால்விரல்களை நோக்கி இழுப்பது போலத் தரையில் அழுத்துங்கள், முழங்கை நகரக்கூடாது. இந்த அளவு இறுக்கினால் பதினைந்து விநாடியில் உடம்பு நடுங்கும். அதுபோதும். அரை நிமிடம் ஓய்வெடுத்து, ஐந்து முறை செய்யுங்கள். தரையில் செய்வது கடினமாக இருப்பவர்களும் உடல் எடை கூடுதலாக உள்ளவர்களும் சமையல் மேடையின் விளிம்பிலோ கட்டிலின் சட்டத்திலோ முன்கையை வைத்துத் தொடங்கலாம். தண்டால் எடுப்பவர்கள் கைவலுவையே எண்ணிக்கொண்டு இடுப்பைத் தொங்கவிடுகிறார்கள். இதே இறுக்கத்தோடு எடுத்துப் பாருங்கள்; எண்ணிக்கை பாதியாகும், தண்டால் இரட்டிப்புப் பயன் தரும்.

ஐந்தாம் படி: அடுத்த கட்டம்

ஆறேழு வாரம் ஆனபின், உள்ளங்கைகளில் நிற்கும் பிளாங்க்கில் ஒரு கையைத் தூக்கி எதிர்த் தோளைத் தொட்டு வையுங்கள். கால்களை அகட்டிக்கொண்டால் எளிது. இடுப்பு திரும்பாமல் இருப்பதே இங்கே பயிற்சி. அடுத்து, பேர்ட் டாக்கின் தொடக்க நிலையிலிருந்து முழங்கால்களை இரண்டங்குலம் மட்டும் தூக்கி இருபது விநாடி நிறுத்துங்கள். கடைசியாக ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களின் அடிப்படைப் பயிற்சியான ஹாலோ ஹோல்டு: மல்லாந்து படுத்து, கீழ்முதுகைத் தரையில் அழுத்தி, தோளையும் நீட்டிய கால்களையும் தரைக்கு மேலே பிடித்திருப்பது. நவ்காசனத்தைவிடத் தாழ்வான, கடுமையான நிலை. கீழ்முதுகு தரையை விட்டுக் கிளம்பினால் முழங்காலை மடக்கிவிடுங்கள். வட்டு விலகல் இருந்தவர்கள் இதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

வார அட்டவணை

முதல் வாரம் மூச்சும் இறுக்கமும் தினமும் பத்து நிமிடம், அத்துடன் பேர்ட் டாக் மட்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மெக்கிலின் மூன்றும் தினமும். சுமை குறைவென்பதால் நாள்தோறும் செய்யலாம். நான்காம் வாரத்திலிருந்து மூன்றையும் தொடர்ந்துகொண்டே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டெட் பக்கும் பாலமும். ஆறாம் வாரத்தில் பிளாங்க் சேரும். எட்டாம் வாரத்திலிருந்து தோள் தொடுதலும் முழங்கால் தூக்கி நிற்பதும். நேரமில்லாத நாளில் மெக்கிலின் மூன்றில் ஒரு சுற்று மட்டும் செய்தாலும் சரி, நாளைத் தவறவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை சைடு பிளாங்க்கை மட்டும் இரு பக்கமும் முடிந்த வரை நிறுத்தி விநாடிகளைக் குறித்து வையுங்கள். ஒரு பக்கம் 40, மறுபக்கம் 25 என்று வந்தால், அடுத்த மாதம் முழுவதும் பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்கி அதற்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள். மொத்த நேரத்தைக் கூட்டுவதைவிட இந்த வேறுபாட்டைக் குறைப்பதுதான் முக்கியம்.

எந்த வலி சரி, எது ஆபத்து?

மறுநாள் வயிற்றிலும் பக்கங்களிலும் தொட்டால் நோகிறது என்றால் தசை வேலை செய்திருக்கிறது. இரண்டு நாளில் அடங்கும். பயிற்சியின்போதே முதுகெலும்பின் நடுவே குத்தினால் அந்தப் பயிற்சியை அன்று நிறுத்திவிட்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள். பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் வலி, பாதத்தில் மரமரப்பு, காலில் வலுவிழப்பு இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ தொடையிடுக்கு மரத்துப்போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பிரசவமான தாய்மார்களுக்கு

இதைத் தனியாக எழுதக் காரணம், பெல்ட் கட்டு, சிட் அப் எடு என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்லி அவர்களைக் குழப்புவதுதான். கர்ப்பகாலத்தில் முன்வயிற்றுத் தசையின் இரு பாதிகளும் நடுக்கோட்டில் விலகிக்கொடுக்கின்றன. பலருக்கு மாதங்கள் செல்லச்செல்ல அது தானே பெரும்பாலும் கூடிவிடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே உயர்த்தித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பெண்களுக்கான பிசியோதெரபி நிபுணரைப் பாருங்கள். சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருத்துவர் அனுமதித்த பிறகு முதல் படியின் மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கி, பாலம், பேர்ட் டாக் என்று மெல்லச் செல்லலாம். கர்ல் அப்பும் பிளாங்க்கும் பிறகு. எந்தப் பயிற்சியிலாவது வயிற்றின் நடுக்கோடு கூம்பாக மேலெழும்பினால், அல்லது சிறுநீர் கசிந்தால், அந்தப் பயிற்சிக்கு உடம்பு இன்னும் தயாராகவில்லை. ஒரு படி கீழே இறங்கி, இரண்டு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள்.